வீட்டு சர்வருக்கு எந்த மெய்நிகராக்க மென்பொருள்?

கேள்வி இதுதான்: 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 32 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கோப்புக் கிடங்கு, ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ சர்வர்), ஹோம் அசிஸ்டென்ட் (விளக்கு போன்ற வீட்டுச் சாதனங்களை இயக்குவது), விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயர்களை முகவரிகளாக்கும் சேவை), எப்போதாவது ஒரு விண்டோஸ் ஆகியவை ஓட வேண்டும். இஎஸ்எக்ஸ்ஐ, ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, எக்ஸ்சிபி-என்ஜி, ட்ரூநாஸ் இவற்றில் எதைப் போடுவது?

ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். பட்டியலில் விண்டோஸும் ஹோம் அசிஸ்டென்டும் இருப்பதால்தான் இவ்வளவு சட்டென்று சொல்ல முடிகிறது. அவை இரண்டும் இல்லாமல் மற்றதெல்லாம் லினக்ஸ் சேவைகளாக இருந்தால் மெய்நிகராக்கமே (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது) தேவையில்லை. டெபியன் லினக்ஸும், சேவைகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரும் போதும். ஒரே கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) பகிர்ந்துகொள்ளக்கூடிய சேவைகளுக்கு ஆளுக்கொரு விஎம் (மெய்நிகர் கணினி) எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் தனியே ரேம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் தனியே அப்டேட் செய்துகொண்டிருப்பது வெட்டிவேலை. வேறு கர்னல் கேட்கும் இயங்குதளம் ஒன்று வேண்டும், அல்லது ஒரு முழுக் கணினியையே நேற்றைய நிலைக்குத் திருப்பும் வசதி வேண்டும் என்றால்தான் ஹைப்பர்வைசருக்கு (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) வேலை வருகிறது.

வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேவிஎம் (ப்ராக்ஸ்மாக்ஸின் அடித்தளம்), ஜென் (எக்ஸ்சிபி-என்ஜியின் அடித்தளம்), இஎஸ்எக்ஸ்ஐ, ஹைப்பர்-வி எல்லாமே ப்ராசசரில் உள்ள அதே விடி-எக்ஸ், ஏஎம்டி-வி மெய்நிகராக்க வசதிகளின்மேல்தான் நிற்கின்றன. வீட்டுச் சுமையில் அவற்றுக்கிடையே வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில்: உங்கள் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் உண்டா, டிஸ்க்கை எப்படிக் கையாள்கிறது, பேக்கப் எடுத்ததைத் திருப்பி வைப்பது எவ்வளவு எளிது, இன்று இலவசமாக இருப்பது நாளையும் அப்படியே இருக்குமா.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ அடிபடுகிறது. 2023 நவம்பரில் ப்ராட்காம் விஎம்வேரை வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ பதிப்போடு மறுபடி கொடுத்தார்கள். தயாரிப்பு தரமானதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலவச உரிமத்தில் ஒரு விஎம்முக்கு 8 விசிபியு (மெய்நிகர் ப்ராசசர்) வரைதான், பல சர்வர்களை நிர்வகிக்கும் விசென்டரில் சேர்க்க முடியாது, பேக்கப் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஏபிஐயும் (இடைமுகம்) திறந்திருக்காது. போதாக்குறைக்கு 7.0 பதிப்பிலிருந்து பழைய லினக்ஸ் வழி டிரைவர்களைக் கைவிட்டுவிட்டதால், சாதாரண மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் நெட்வொர்க் சிப்களில் பலவற்றை அது கண்டுகொள்ளாது. இன்டெல் 12ஆம் தலைமுறை முதல் வரும் இருவகைக் கோர் ப்ராசசர்களில், கோர்கள் ஒரே மாதிரி இல்லை என்று பிழை காட்டும் ஊதாத் திரையோடு நின்றுவிடும். பூட் அளவுரு ஒன்றை மாற்றித்தான் தாண்ட வேண்டும். வேலைக்காக விஎம்வேர் கற்றுக்கொள்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் வீட்டில் அதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஹைப்பர்-விக்குத் தனியாக இலவசமாக வந்த சர்வர் பதிப்பு 2019ஓடு முடிந்தது; அதற்கான நீட்டித்த ஆதரவு 2029 ஜனவரி வரைதான். விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்புகளில் ஹைப்பர்-வி உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. ப்ரோவில் ஓட்டினாலும் ஒரு பிசிஐ கார்டை அப்படியே விஎம்முக்குக் கொடுக்கும் வசதி விண்டோஸ் சர்வரில் மட்டுமே இருக்கிறது. ஏற்கனவே ஓடும் விண்டோஸ் கணினியில் ஒன்றிரண்டு லினக்ஸ் விஎம் வேண்டுமென்றால் சரி, அதற்குமேல் இழுக்காதீர்கள்.

எக்ஸ்சிபி-என்ஜி ஜென்மேல் அமைந்தது. பல சர்வர்களை ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் இடத்தில் நன்றாகப் பொருந்தும். ஒற்றைக் கணினிக்கு அதன் ஏற்பாடு கொஞ்சம் கனம்: முழு வசதிக்கு ஜென் ஆர்க்கெஸ்ட்ரா என்ற நிர்வாக மென்பொருளை இன்னொரு விஎம்மாக ஓட்ட வேண்டும், எல்எக்ஸ்சி (கணினியின் கர்னலையே பகிரும் இலகுவான லினக்ஸ் கண்டெய்னர்) போன்ற வசதி இல்லை, விஎச்டி வடிவ மெய்நிகர் டிஸ்க் 2 டிபியைத் தாண்டாது.

ட்ரூநாஸ் கொஞ்சம் யோசிக்க வேண்டிய போட்டியாளர். முதல் தேவை கோப்புக் கிடங்கு, விஎம் எல்லாம் ஓரமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே சரியான தேர்வு. ஆனால் அதன் கிடங்குப் பகுதி எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதி விஎம் பகுதிக்கு இல்லை. செயலிகளை 2024 அக்டோபரில் குபர்நெட்டீஸ் என்ற கண்டெய்னர் நிர்வாக முறையிலிருந்து டாக்கருக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் வந்த 25.04இல் விஎம் அடித்தளத்தை இன்கஸ் என்ற வேறு நிர்வாக மென்பொருளுக்கு மாற்றி, அதே ஆண்டிலேயே பழைய முறைக்குத் திரும்பினார்கள். விஎம்தான் வீட்டின் டிஎன்எஸ்ஸையும் விளக்குகளையும் சுமக்கப் போகிறது என்றால் இந்த ஆட்டம் தாங்காது. அன்ரெய்ட் என்ற இன்னொரு கிடங்கு இயங்குதளம் காசு கொடுத்து வாங்குவது. வெவ்வேறு அளவு டிஸ்க்குகளை ஒன்றாகக் கோக்க வேண்டியவர்களுக்கு நல்லது. உங்களிடம் இருப்பது சம அளவுள்ள இரண்டு டிஸ்க், ஆகவே அந்தப் பலன் உங்களுக்கு இல்லை.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது டெபியன்மேல் கேவிஎம், எல்எக்ஸ்சி, ஜெட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைக் கையாளும் கோப்பு முறைமை) மூன்றையும் வைத்து ஒரு வலை முகப்பைப் போர்த்தியது. லினக்ஸ் கர்னல் எந்த வன்பொருளை அறியுமோ அது இதற்கும் தெரியும். நாளை அந்த நிறுவனமே கடையை மூடினாலும் உங்கள் டிஸ்க்குகளை எந்த லினக்ஸிலும் ஏற்றிப் படிக்கலாம். எனக்கு இதுவே மிகப் பெரிய காரணம். கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள் வெறும் டெபியனில் லிப்விர்ட்டும் (விஎம் நிர்வாகம்) காக்பிட்டும் (வலை முகப்பு) போட்டும் இதே அளவு செய்துகொள்ளலாம். பேக்கப் ஏற்பாட்டை மட்டும் தாங்களே கட்ட வேண்டியிருக்கும்.

நிறுவும் முன் பயாஸில் மூன்றைப் பாருங்கள். இன்டெல் விஎம்எக்ஸ், சில பலகைகளில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஏஎம்டியில் அதன் பெயர் எஸ்விஎம். கார்டுகளை விஎம்முக்குக் கொடுக்க விடி-டி தனியே ஒரு சுவிட்ச். முதலாவது ஆன் ஆனால் இது தானாக ஆன் ஆகாது. மூன்றாவது, மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக எழும் அமைப்பு. இதை மறந்துவிட்டு வெளியூர் போனால் மின்தடைக்குப் பிறகு யாராவது போய்ப் பட்டனை அழுத்தும்வரை டிஎன்எஸ் இல்லாமல் வீடே நிற்கும்.

இனி டிஸ்க். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வருந்த வைப்பது இந்த இடம்தான், அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

என்விஎம்இயில் ப்ராக்ஸ்மாக்ஸையும் விஎம் டிஸ்க்குகளையும் வையுங்கள். ஒற்றை எஸ்எஸ்டி என்பதால் நிறுவும் நிரலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுங்கள். அது மீதி இடத்தை எல்விஎம்-தின் தொகுப்பாக (எழுதும்போது மட்டும் இடம் எடுக்கும் முறை) ஆக்கிவிடும். ஒற்றை டிஸ்க்கில் ஜெட்எஃப்எஸ் போட்டால் கெட்டுப்போன தரவைக் கண்டுபிடிக்கும், ஆனால் சரிசெய்ய இன்னொரு பிரதி இருக்காது. சாதாரண எஸ்எஸ்டியில் எழுதும் சுமையும் பல மடங்காகும். எல்விஎம்-தின்னில் இருக்கும் பொறி வேறு. அதில் 1 டிபி இடத்தில் 2 டிபிக்கு விஎம் டிஸ்க்குகளை உருவாக்க அனுமதிக்கும். உண்மையில் எழுதப்பட்ட அளவுதான் கணக்கு. விஎம்முக்குள் கோப்பை அழித்தாலும் அந்த இடம் தொகுப்புக்குத் திரும்பாது. திரும்ப வேண்டுமானால் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் என்ற பெட்டியை டிக் செய்து, விஎம்முக்குள் வாரம் ஒருமுறை ட்ரிம் (அழித்த இடத்தைத் திருப்பித் தரும் கட்டளை) ஓட வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குத் தொகுப்பு மெல்ல நிரம்பி 100 சதவீதத்தைத் தொடும் நாளில் எல்லா விஎம்மும் எழுத முடியாமல் ஒன்றாகப் பிழையோடு உறையும், சிலவற்றின் கோப்பு முறைமையும் சிதையும். 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை வருமாறு செய்துவையுங்கள்.

இரண்டு 8 டிபி டிஸ்க்கும் ஜெட்எஃப்எஸ் மிரர் (இரண்டிலும் ஒரே பிரதி). நீங்கள் ஏற்கனவே வாங்கியவை எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் தினசரிப் படிப்பில் நல்ல பிள்ளையாக இருக்கும். ஒரு டிஸ்க் செத்து மற்றதிலிருந்து மீள்கட்டும்போதுதான் ஊர்ந்து, நேரம் கடந்து, சில சமயம் தொகுப்பிலிருந்தே வெளியேற்றப்படும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் தான் வேண்டும். ரெய்ட் கார்டு வழியாக இணைக்காதீர்கள். ஜெட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க்குகள் நேராகத் தெரிய வேண்டும். பின்னாளில் டிஸ்க் சேர்த்து ரெய்ட்இசட் (தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பும் முறை) ஆக்கினாலும் விஎம் டிஸ்க்குகளை அதில் வைக்க வேண்டாம். சிறிய பிளாக்குகளுக்கு நிரப்பல் சேர்ந்து, நினைத்ததைவிட அதிக இடம் தின்னும். அதற்கு மிரர்தான் பொருத்தம்.

பலர் இந்த இரண்டு டிஸ்க்கையும் ட்ரூநாஸ் விஎம் ஒன்றுக்குக் கொடுத்து, அது பகிர்ந்ததை மற்ற விஎம்கள் நெட்வொர்க் வழியாக வாங்கிக்கொள்ளும்படி கட்டுகிறார்கள். முழு சாட்டா கன்ட்ரோலரையும் அந்த விஎம்முக்குக் கொடுக்க முடிந்தால் செய்யலாம்; டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் ஸ்மார்ட் என்ற டிஸ்க் உடல்நலத் தகவல் விஎம்முக்குப் போகாது. உங்கள் அளவுக்கு இது தேவையில்லாத அடுக்கு. மிரரை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே உருவாக்கி, சாம்பா (கோப்புப் பகிர்வுச் சேவை) ஓடும் ஒரு எல்எக்ஸ்சி கண்டெய்னருக்குள் அதன் கோப்பகத்தைப் பைண்ட் மவுன்ட் செய்யுங்கள், அதாவது உள்ளேயும் நேராகத் தெரியும்படி இணையுங்கள். ஜெல்லிஃபின் கண்டெய்னருக்கும் அதே கோப்பகத்தைக் கொடுக்கலாம், நெட்வொர்க் நடுவில் வராது.

இதைச் செய்தவுடன் எல்லோரும் முட்டும் சுவர்: கண்டெய்னருக்குள் கோப்புகள் எல்லாம் "நோபடி" பெயரில் தெரியும், எழுத அனுமதி மறுக்கப்படும். சலுகையற்ற (அன்பிரிவிலேஜ்ட்) கண்டெய்னரில் பயனர் எண்களோடு 1,00,000 கூட்டப்படுவதே காரணம். உள்ளே 1000 என்ற பயனர் வெளியே 1,01,000. ஹோஸ்டில் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் கணினி) அந்தக் கோப்பகத்தின் உரிமையை 1,01,000 எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்தது. அலுத்துப்போய்க் கண்டெய்னரைச் சலுகையுள்ளதாக மாற்றிவிடுபவர்கள் அதிகம். உள்ளே நுழைந்த ஒருவர் ஹோஸ்டையே பிடிப்பதற்கு அதனால் வழி சுலபமாகிறது.

ரேம் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். ஹோஸ்டுக்கு 2 ஜிபி. ஜெட்எஃப்எஸ் இடைநினைவு 3 ஜிபி. ப்ராக்ஸ்மாக்ஸையே ஜெட்எஃப்எஸ்ஸில் நிறுவினால், 8.1 பதிப்பிலிருந்து நிறுவும் நிரலே இதை மொத்த ரேமில் 10 சதவீதமாகக் கட்டுப்படுத்தும். நீங்கள் எக்ஸ்ட்4இல் நிறுவிப் பிறகு மிரர் சேர்ப்பதால் அந்த வரம்பைக் கையால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேமில் பாதி அல்லது அதற்குமேல் எடுத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு 8, ஹோம் அசிஸ்டென்டுக்கு 4, ஜெல்லிஃபினுக்கு 2, சாம்பாவுக்கு 1, டிஎன்எஸ்ஸுக்கு அரை, டாக்கர் ஓட ஒரு டெபியன் விஎம்முக்கு 6. கூட்டினால் 26.5. மீதி ஐந்தரையை விட்டுவையுங்கள். எல்எக்ஸ்சிக்குச் சொல்லும் எண் உச்சவரம்பு மட்டுமே. விஎம்முக்குச் சொல்வது நாளடைவில் பெரும்பாலும் முழுதாகப் பிடிக்கப்படும். பலூனிங் (விஎம்மின் ரேமைத் தேவைக்கேற்பச் சுருக்குவது) இருக்கிறதே என்று கூட்டலை மீறாதீர்கள். பிசிஐ கார்டு ஒன்றை விஎம்முக்குக் கொடுத்துவிட்டால் அதன் ரேம் முழுவதும் பூட்டப்படும், பலூனிங் அங்கே வேலை செய்யாது.

விசிபியுவில் தாராளமாக இருக்கலாம். எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் உழைக்கப் போவதில்லை. சிபியு வகையை ஒற்றைக் கணினியில் "ஹோஸ்ட்" என்று வைத்தால் ப்ராசசரின் எல்லாக் கட்டளைகளும் விஎம்முக்குக் கிடைக்கும்.

ஜெல்லிஃபினுக்கு உங்கள் ஐ5இல் உள்ள கிராஃபிக்ஸே போதும், அதில் வீடியோவை மாற்றித் தரும் குவிக் சிங்க் இருக்கிறது. எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் மாடல்கள் இதற்கு விலக்கு: அவற்றில் கிராஃபிக்ஸ் கிடையாது. ஜெல்லிஃபினை விஎம்மில் வைத்தால் கிராஃபிக்ஸை முழுதாக அதற்கே எழுதிக்கொடுக்க வேண்டும், ஹோஸ்டின் திரையும் கருப்பாகிவிடும். எல்எக்ஸ்சியில் வைத்தால் ரெண்டர் சாதனக் கோப்பை மட்டும் உள்ளே காட்டினால் போதும், வேறு கண்டெய்னர்களும் பகிரலாம். புதிய பதிப்புகளில் இதை வலை முகப்பிலேயே சேர்க்கலாம். கண்டெய்னருக்குள் ரெண்டர் குழுவின் எண் எது என்று பார்த்து அதையே கொடுங்கள்; தப்பான எண் கொடுத்தால் படம் ஓடும், ஆனால் முழுச் சுமையும் ப்ராசசர்மேல் விழும், ஏன் சூடாகிறது என்று நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வேறு கார்டு எதையாவது விஎம்முக்குக் கொடுக்கும் முன் அதன் ஐஓஎம்எம்யு குழுவைப் பாருங்கள். ஒரே குழுவில் உள்ளவை ஒன்றாகத்தான் போகும். மலிவான பலகைகளில் சாட்டா கன்ட்ரோலரும் நெட்வொர்க் கார்டும் ஒரே குழுவில் இருப்பது சகஜம். அப்போது விஎம்மை ஸ்டார்ட் செய்த கணமே ஹோஸ்ட் நெட்வொர்க்கிலிருந்து மறையும். விஎம் தானாக எழும்படி வைத்திருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் அதுவே நடக்கும். புதிதாக ஒரு கார்டைச் சோதிக்கும்போது தானியங்கித் தொடக்கத்தை அணைத்து வையுங்கள்.

ஹோம் அசிஸ்டென்டை அதன் சொந்த இயங்குதளத்தோடு விஎம்மாகவே போடுங்கள். டாக்கர் வடிவில் போட்டால் ஆட்-ஆன்கள் கிடைக்காது. யுஇஎஃப்ஐ பயாஸ் தேர்ந்தெடுத்து, இஎஃப்ஐ டிஸ்க் சேர்க்கும்போது முன்பதிந்த சாவிகள் என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையேல் செக்யூர் பூட் அதை எழவிடாது. ஜிக்பீ (ஸ்மார்ட் சாதனங்களோடு பேசும் ரேடியோ) குச்சியை யுஎஸ்பி வழியாகக் கொடுக்கலாம். ஒரே சிப் கொண்ட இரண்டு குச்சிகள் இருந்தால் சாதன எண்ணை நம்பாமல் போர்ட்டைக் குறியுங்கள். அரை மீட்டர் நீட்டிப்பு வயரில் தள்ளிவையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது.

விண்டோஸ் 11க்கு யுஇஎஃப்ஐயும் டிபிஎம் 2.0வும் (பாதுகாப்புச் சிப்) சேர்க்க வேண்டும். விர்ட்ஐஓ (விஎம்மின் மெய்நிகர் சாதனங்களுக்கான) டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக முதலிலேயே மாட்டுங்கள். நிறுவி டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்போது அதிலிருந்து ஸ்கஸி டிரைவரை ஏற்றினால் டிஸ்க் வந்துவிடும். வேறு ஹைப்பர்வைசரிலிருந்து கொண்டுவரும் பழைய விண்டோஸ் விஎம் என்றால் முதல் பூட்டை சாட்டா டிஸ்க்காக எழுப்பி, டிரைவரை உள்ளே நிறுவி, அதன் பிறகே விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். நேராக மாற்றினால் நீலத் திரை நிச்சயம்.

டாக்கரை எல்எக்ஸ்சிக்குள் ஓட்டலாமா என்பது தீராத வாதம். ஓடும். ஆனால் கர்னல், ஆப்ஆர்மர் (லினக்ஸ் பாதுகாப்புப் பகுதி), டாக்கர் மூன்றில் ஒன்று அப்டேட் ஆகும்போது உடைய வாய்ப்புண்டு. ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணமே விஎம்மைத்தான் சொல்கிறது. 6 ஜிபி கொடுத்து ஒரு டெபியன் விஎம்மில் வைத்துவிடுங்கள்.

நெட்வொர்க்கில் மூன்று விஷயம். ஹோஸ்டை வைஃபையில் இணைக்க வேண்டாம். சாதாரண வைஃபை இணைப்பு ஒன்றுக்குமேல் மேக் முகவரிகளைச் சுமக்காது என்பதால் விஎம்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் வேலை செய்யாது. புதிய பிசிஐ கார்டு சேர்த்தால் நெட்வொர்க் கார்டின் பெயரில் உள்ள எண் மாறி, பிரிட்ஜ் அநாதையாகிவிடும். திரையும் விசைப்பலகையும் மாட்டிப் பெயரைத் திருத்த வேண்டிவரும், மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலைப்படுத்துவது முன்னெச்சரிக்கை. உங்கள் பலகையில் இன்டெல் ஐ219 சிப் இருக்க வாய்ப்பு அதிகம்: நிறையக் கோப்பு நகரும்போது "ஹார்ட்வேர் யூனிட் ஹேங்" என்று பதிவேட்டில் எழுதி இணைப்பு அறுந்தால், டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய பொட்டலங்களைப் பிரிக்கும் அமைப்புகள்) இரண்டையும் அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு நிற்கும்.

டிஎன்எஸ் கண்டெய்னராக ஓடுவதால் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டுக்கு நிலையான ஐபியும் வெளியிலுள்ள டிஎன்எஸ்ஸும் கொடுங்கள். தான் இன்னும் எழுப்பாத கண்டெய்னரிடமே ஹோஸ்ட் பெயர் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. ப்ராக்ஸ்மாக்ஸின் வலை முகப்பு இருக்கும் 8006 போர்ட்டை இணையத்துக்குத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து வர வயர்கார்ட் விபிஎன் போதும்.

நிறுவியவுடன் முதல் அப்டேட்டே 401 பிழையில் நிற்கும். சந்தாதாரர்களுக்கான களஞ்சியம் இயல்பாக இயக்கப்பட்டிருப்பதால்தான். அதை முடக்கி "நோ-சப்ஸ்கிரிப்ஷன்" களஞ்சியத்தைச் சேருங்கள். கட்டளை வரியில் அப்டேட் செய்பவர்கள் டெபியன் பழக்கத்தில் வெறும் அப்கிரேட் போடக் கூடாது. முழு அப்கிரேட் வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் பொதிகள் அரைகுறையாக நிற்கும்.

பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட்டை நம்பாதீர்கள், அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. தினமும் இரவில் விஎம்களின் பேக்கப் மிரருக்குப் போகட்டும்; வாரம் ஒருமுறை கழற்றி எடுத்துப்போகும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு. விஎம்களில் கெமு கெஸ்ட் ஏஜென்ட் நிறுவினால் பேக்கப் தொடங்கும் கணத்தில் கோப்பு முறைமை உறையவைக்கப்பட்டு, பிரதி சீராக வரும். இன்னொரு பழைய கணினி இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை அதில் போடுங்கள். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி, ஒரே மாதிரியானவற்றை ஒருமுறையே சேமிப்பதால் பல நாள் பேக்கப்பும் குறைந்த இடத்தில் அடங்கும். இரண்டு விஷயம் இதில் சேராது: பைண்ட் மவுன்ட் செய்த கோப்பகங்கள், ஹோஸ்டின் சொந்த அமைப்புகள். அதாவது உங்கள் குடும்பப் படங்கள் இந்த தினசரி பேக்கப்பில் இல்லை. அவற்றுக்கு ஜெட்எஃப்எஸ் அனுப்பலோ ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளோ தனியே வேண்டும். விஎம் ஒன்றை வேறு எண்ணில் ரீஸ்டோர் செய்து, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.

பேக்கப் சர்வருக்கு என்று இரண்டாவது கணினி வந்ததும் இரண்டையும் கிளஸ்டர் (ஒரே தொகுப்பு) ஆக்கத் தோன்றும். இரண்டு கணினியில் ஒன்று அணைந்தால் மீதி ஒன்றுக்குப் பெரும்பான்மை வாக்கு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் ஓடும், ஆனால் புதிதாக எதையும் எழுப்பவோ மாற்றவோ அனுமதிக்காது. மூன்றாவது வாக்குக்கு ஒரு ராஸ்பெர்ரி பையில் கியூடிவைஸ் (வாக்கு மட்டும் போடும் சிறு சேவை) வைக்க முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டையும் தனித்தனியாகவே விடுங்கள். தனிக் கணினியாக ஓடும்வரை எச்ஏ (ஒரு கணினி அணைந்தால் விஎம்மை இன்னொன்றில் எழுப்பும்) சேவைகள் இரண்டையும் நிறுத்திவைத்தால் எஸ்எஸ்டியில் இடைவிடாமல் சிறிது சிறிதாக எழுதப்படுவது குறையும்.